பித்தளை விளக்கும் முல்தானி மட்டியும்

காருக்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது. கூரை கிடையாது. முன்கண்ணாடி கிடையாது. சிலவற்றில் ஸ்டியரிங் சக்கரம்கூடக் கிடையாது; படகின் சுக்கான் போல ஒரு பிடி, அவ்வளவுதான். இப்படி முந்நூறு, நானூறு வண்டிகள் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே லண்டன் ஹைட் பார்க்கில் வந்து குவிகின்றன. சூரியன் உதிப்பதுதான் புறப்படும் நேரம். போக வேண்டிய ஊர் தெற்கே கடலோரம் இருக்கும் பிரைட்டன். சுமார் 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர். மாலை நாலரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு பதக்கம் உண்டு. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அதே பதக்கம்தான்.

பந்தயம் இல்லை என்பதால் சராசரி வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். அந்த வேகத்தைத் தொட முடியாத வண்டிகளே அங்கே அதிகம் என்பது வேறு விஷயம். தகுதி ஒன்றே ஒன்று: 1905 ஜனவரி 1-க்கு முன் செய்யப்பட்ட வண்டியாக இருக்க வேண்டும்.

ஏன் லண்டன், ஏன் பிரைட்டன் என்றால் கதை 1865-க்குப் போகிறது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம், குதிரை இல்லாமல் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு ஒரு கடிவாளம் போட்டது. ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். வண்டிக்கு மூன்று ஆட்கள் வேண்டும். அதில் ஒருவர் 60 கஜம் முன்னால் சிவப்புக் கொடி பிடித்தபடி நடந்து போக வேண்டும். புகையைக் கக்கிக்கொண்டு போன ராட்சத நீராவி எஞ்சின்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம் அது. பிறகு பெட்ரோல் கார் வந்தபோது அதன் தலையிலும் விழுந்தது. 1896 ஜனவரியில் கென்ட் பகுதியின் பேடக் வுட் கிராமத்தில் வால்டர் ஆர்னால்ட் என்பவர், 2 மைல் வேகத்தில் ஊர்ந்திருக்க வேண்டிய இடத்தில் 8 மைல் வேகத்தில் போய்விட்டார். ஊர்க் கான்ஸ்டபிள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்து மைல் துரத்திப் பிடித்தார். வேகமாகப் போன குற்றத்துக்கு அபராதம் ஒரு ஷில்லிங். ஆர்னால்ட் பென்ஸ் கார் விற்கும் வியாபாரி; விளம்பரச் செலவு என்று வைத்துக்கொண்டால் ஒரு ஷில்லிங் மலிவுதான்.

அதே ஆண்டு நவம்பர் 14-ம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தது. வரம்பு 14 மைலாக உயர்ந்தது. அதிகாரிகள் அதையும் 12 ஆகக் குறைத்து வைத்தார்கள். அந்தப் புதிய சட்டத்தைக் கொண்டாடத்தான் முதல் பிரைட்டன் பயணம். காலை விருந்தில் வின்ச்சில்சி பிரபு ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்துப் போட்டார். இன்றைக்கும் ஹைட் பார்க்கில் புறப்படும் முன் யாராவது ஒரு பிரமுகர் கொடி கிழிக்கும் சடங்கு நடக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் கொடி பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1878-லேயே போய்விட்டது. அந்தந்த ஊர் நிர்வாகம் விரும்பினால் கேட்கலாம் என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஏற்கெனவே செத்த பாம்பை மேடை போட்டு அடித்தார்கள்.

மேடை போட்டவர் ஹாரி லாசன். மோட்டார் காப்புரிமைகளையெல்லாம் வளைத்துப் போட்டு, கம்பெனிமேல் கம்பெனியாகத் தொடங்கி, பங்கு விற்றுக் காசு பார்த்தவர். அந்த ஊர்வலம் அவருக்கு ஒரு நடமாடும் விளம்பரப் பலகை. 1904-ல் மோசடி வழக்கில் ஓராண்டு கடுங்காவல் தண்டனையும் பெற்றார். மோட்டார் உலகம் தன் பெரிய திருவிழாவுக்கு இப்படி ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதைப் பழைய கார் ஆர்வலர்கள் மறைப்பதில்லை, சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அன்று மழையும் சேறும். முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் கிளம்பின. ஏறக்குறைய பாதிதான் போய்ச் சேர்ந்தன. முதலில் வந்தது பிரான்ஸின் லியோன் பொல்லே மூன்று சக்கர வண்டியா, அமெரிக்காவின் துர்யேயாவா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதைவிடச் சுவையான வதந்தி ஒன்று உண்டு. மின்சார வண்டி ஒன்றை ரயிலில் ஏற்றி பிரைட்டனுக்கு அனுப்பி, ஸ்டேஷனில் இறக்கி, சேற்றை வாரிப் பூசி ஊர்வலத்தில் சேர்த்துவிட்டார்களாம்.

பிறகு முப்பது ஆண்டு சத்தமில்லை. 1927-ல் டெய்லி ஸ்கெட்ச் பத்திரிகை இந்தப் பயணத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 1930-லிருந்து ராயல் ஆட்டோமொபைல் கிளப் பொறுப்பேற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும், பெட்ரோல் ரேஷன் இருந்த 1947-லும், கொரோனா வந்த 2020-லும் நின்றதைத் தவிர இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. 1927-ல் இந்த வண்டிகளுக்கு மதிப்பே கிடையாது. குதிரை லாயங்களிலும் வைக்கோல் போட்டு வைக்கும் பரண்களிலும் கிடந்தன. சிலவற்றின் எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் வைத்துக்கொண்டிருந்தார்கள். நிலைமையை மாற்றியதில் ஒரு சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1953-ல் வந்த ‘ஜெனிவீவ்’. பிரைட்டன் போன இரண்டு நண்பர்கள், திரும்பி வரும்போது யார் முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தொடுவது என்று பணம் கட்டிச் சண்டை போடும் கலகலப்பான படம். கதாநாயகி என்று படத்தில் வரும் 1904 டராக் காரைத்தான் சொல்ல வேண்டும். படம் ஓடியதும் ஆளாளுக்குக் கொட்டகை கொட்டகையாகத் தேட ஆரம்பித்தார்கள்; விலையும் ஏறியது. அந்த டராக் இப்போது நெதர்லாந்தில் ஹேக் நகரின் லௌமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விலை ஏறினால் சந்தேகமும் ஏறும். 1904-ல் செய்தது என்றால் பிரைட்டன் போகலாம், 1905 என்றால் முடியாது. அந்த ஒரு வருட வித்தியாசத்தில் விலை எகிறுகிறது. ஆர்.சி. புத்தகம் இல்லாத காலத்து வண்டிக்குப் பிறந்த தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? 1930-ல் தொடங்கிய வெட்டரன் கார் கிளப்பில் இதற்கென்றே ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸ் எண், எஞ்சின் எண், அந்தக் காலத்து விலைப்பட்டியல், காப்புரிமைப் படிவம், பழைய மோட்டார் பத்திரிகையின் விளம்பரப் படம் எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். அச்சு எந்த வடிவம், ரேடியேட்டர் எங்கே பொருத்தியிருக்கிறது, வால்வு தானாகத் திறப்பதா கேம் வைத்துத் திறப்பதா என்று பார்ப்பார்கள். நம்பர் பிளேட்டை மட்டும் நம்ப முடியாது. பிரிட்டனில் 1904 ஜனவரி முதல் தேதிதான் நம்பர் கட்டாயமானது. அதுவரை எண் இல்லாமல் ஓடிய கார்களெல்லாம் அப்போது மொத்தமாகப் பதிவாகின. ஆகவே 1904-ம் ஆண்டு எண் இருந்தால் அந்தக் கார் 1898-ல் செய்ததாகவும் இருக்கலாம். ஆரம்பகால மோட்டார் சரித்திரத்தில் இன்று நமக்குத் தெரிந்த நுணுக்கங்களில் பல, பேராசிரியர்கள் எழுதியதல்ல; இப்படித் தேதிக்காக மல்லுக்கட்டிய ஆர்வலர்கள் தோண்டி எடுத்தவை.

தேதிக் கதைக்கு நடுவே ஒரு சென்னைச் சேதி. மெட்ராஸ் சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ல் ஒரு நீராவிக் காரைச் செய்தார், இந்தியாவில் செய்த முதல் கார் அது என்று சென்னையின் வரலாற்றை எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். கணக்குப்படி பிரைட்டன் போகத் தகுதியுள்ள மெட்ராஸ்காரர்!

இனி வண்டிக்குப் பக்கத்தில் போவோம். கிளப்புவதே பாதி வேலை. பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். எண்ணெய் சொட்டும் கண்ணாடிக் குப்பிகளைப் பார்த்து, நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று திருகி வைக்க வேண்டும். இந்த எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் சுற்றி வராது. சொட்டும், எரியும், மிச்சம் சாலையில் விழும். பிறகு தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளும் லீவரை இழுக்க வேண்டும். அதை மறந்துவிட்டு ஹேண்டிலைச் சுற்றினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், மணிக்கட்டு முறியும். அதனால்தான் பழகியவர்கள் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கமே மடக்கி வைப்பார்கள். ஹேண்டில் போட்டு லாரி கிளப்பிய நம்மூர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இன்னும் பழைய டைம்லர் வகை எஞ்சின்களில் தீப்பொறியும் கிடையாது. ஒரு பிளாட்டினக் குழாயை விளக்குச் சுடரில் பழுக்கக் காய்ச்சி வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில்தான் வாயு பற்றும். பலமாகக் காற்றடித்தால் சுடர் அணைந்துவிடும், வண்டியும் நின்றுவிடும்.

கிளம்பிவிட்டால் கிளட்ச். கூம்பு வடிவில் இருக்கும், மேலே தோல் போர்த்தியிருக்கும். தோல் காய்ந்துவிட்டால் வெடுக்கென்று பிடித்து வண்டி துள்ளும். எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் கூடிவிட்டால் வழுக்கும். ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் அலறும், வண்டி நகராது. அப்போது ஒரு டப்பாவைத் திறந்து கிளட்சில் பொடி தூவுகிறார்கள் பாருங்கள், அது நம் வீட்டில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியேதான். எண்ணெயை உறிஞ்சிவிடும். பித்தளை விளக்கைத் துடைத்துப் பளபளக்க வைப்பதை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் படம் எடுக்க வேண்டியது அந்த முல்தானி மட்டி டப்பாவை.

பிரேக் பின்சக்கரத்தில் மட்டும். அதிலும் சில பிரேக்குகள் வண்டி முன்னால் போகும்போதுதான் பிடிக்கும். ஏற்றத்தில் பின்னோக்கி உருண்டால் கைவிட்டுவிடும். அதற்காக வண்டிக்கு அடியில் ஓர் இரும்புக் கம்பி தொங்கும். இறக்கிவிட்டால் தரையில் குத்தி வண்டியை நிறுத்தும்.

வழியில் ரிப்பேர் ஆவதை இந்தக் கூட்டம் அவமானமாக நினைப்பதில்லை. நினைக்கவும் முடியாது. உலகத்தின் முதல் நீண்ட கார் பயணமே ரிப்பேர் பயணம்தானே? 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட லண்டன் பிரைட்டன் தூரம். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தேய்ந்துபோன பிரேக் கட்டைக்கு ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். அம்மாவும் பிள்ளைகளும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டு வெற்றியைத் தந்தியில் சொன்னார்கள்.

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம். பழைய காரை எந்த அளவுக்குப் புதுப்பிக்கலாம்? ஒரு கட்சி, கம்பெனியிலிருந்து வெளிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆக்க வேண்டும் என்கிறது. பெயிண்ட் சுரண்டி, தோல் மாற்றி, நிக்கல் பூசி, கண்ணாடியாக மின்ன வைக்கிறார்கள். அன்று கம்பெனியில்கூட அவ்வளவு மின்னியிருக்காது என்பதுதான் வேடிக்கை. மறு கட்சி, விரிசல் விட்ட பெயிண்டும் நைந்துபோன இருக்கையும்தான் சாட்சி, அதைத் தொடாதே என்கிறது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா வகுத்த டூரின் சாசனமும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். என் ஓட்டும் இதற்கே. ஒருமுறை சுரண்டிப் போட்ட பெயிண்ட் திரும்பி வராது.

ஆனால் இந்த வாதத்தை இறுக்கிப் பிடித்தால் வேறு சிக்கல். பிரைட்டன் வண்டிகளுக்குப் பிந்திய தலைமுறையைச் சேர்ந்த ஒரு பென்ட்லியின் கதை இது. 1929-லும் 1930-லும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஸ்பீட் சிக்ஸ். செல்லப் பெயர் ‘ஓல்ட் நம்பர் ஒன்’. பந்தயத்துக்குப் பந்தயம் அதன் பாகங்கள் மாறின. 1932-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் ஓட்டியவரைப் பலிகொண்டு நொறுங்கியது, மறுபடி கட்டினார்கள். 1990-ல் இதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்குவதாக ஒரு நிறுவனம் ஒப்பந்தம் போட்டுவிட்டு, இது அந்த அசல் காரே இல்லை என்று பின்வாங்கியது. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லெ மானில் ஓடிய இரும்பு இதில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது என்பதை நீதிபதி ஆட்டன் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் இந்தக் கார் எந்த நாளிலும் காணாமல் போய் வேறொன்றாக முளைக்கவில்லை. அதன் சரித்திரம் எங்கும் அறுபடவில்லை. ஆகவே ஓல்ட் நம்பர் ஒன் இதுதான் என்று தீர்ப்பளித்தார். வாங்கியவர் பணத்தைக் கட்ட வேண்டியதாயிற்று.

தீர்ப்பு சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பிரைட்டன் போகும் வண்டிகளிலும் டயர் புதிது, கிளட்ச் தோல் புதிது, மரச்சட்டத்தில் பாதி புதிது. இவற்றை மாற்றாமல் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் இரும்பு மிஞ்சும். ஆனால் எத்தனை சொட்டு எண்ணெய், லீவர் எவ்வளவு பின்னால், மட்டியை எப்போது தூவுவது என்ற விஷயமெல்லாம் எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. அப்பாவின் பக்கத்து இருக்கையில் குளிரில் நடுங்கியபடி உட்கார்ந்து வந்த பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

இந்த ஊர்வலத்தைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். சாலையோரம் நின்றால் போதும். முந்தின நாள் சனிக்கிழமை மத்திய லண்டனில் வண்டிகளை நிறுத்தி வைத்துக் கண்காட்சியும் நடக்கும். ஞாயிறு காலை வண்டிகள் வழக்கமாக வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் ஆற்றைத் தாண்டி, பிரிக்ஸ்டன், குராய்டன் வழியாகத் தெற்கே போகும். குராய்டனில் நம் ஈழத்துச் சொந்தங்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாசலைத் தாண்டிப் போகும் திருவிழா. கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பிரைட்டன் கடற்கரையில் போய் நின்றால் வந்து சேர்ந்தவர்களை மட்டும்தான் பார்க்கலாம். ஏதாவதொரு ஏற்றத்தின் பாதியில் போய் நில்லுங்கள். அங்கேதான் கிளட்ச் வழுக்கும், டப்பா திறக்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். உங்களையும் ஒரு கை கொடுக்கச் சொல்வார்கள். தயங்காமல் தள்ளலாம், ஆனால் கையைத் துடைக்க ஒரு பழைய துணி எடுத்துக்கொண்டு போங்கள்.