முன்பணமும் ஆள் கடத்தலும்

ஆள் கடத்தல் என்னும் சொல்லைக் கேட்டவுடன், ஒருவரை இருளில் வலிந்து தூக்கிச் செல்வதே நம் நினைவுக்கு வரும். நெசவும் வேளாண்மையும் நடக்கும் நம் செட்டியார்பட்டி போன்ற ஊர்களை அக்கேடு அணுகும் வழி வேறு. தரகர் பகலில் வருவார்; திண்ணையில் அமர்ந்து இனிமையாகப் பேசுவார்; கடன் நெருக்கடியிலுள்ள குடும்பத்துக்கு முன்பணம் கொடுப்பார். பெற்றோரே பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றி வழியனுப்புவர். ஆதலின் இதனை அறிந்துகொள்ளுதல் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

சட்டம் கூறுவது

ஒரு செயல் ஆள் கடத்தலா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். என்ன செய்தனர்? ஆள் சேர்த்தல், கொண்டு செல்லுதல், ஒப்படைத்தல் முதலியன. எவ்வழியில்? மிரட்டல், வஞ்சகம், பெற்றோரின் சம்மதத்தைப் பெறப் பணம் கொடுத்தல் முதலியன. எதற்காக? உழைப்பையோ உடலையோ சுரண்டுவதற்காக. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு இதற்கு 7 முதல் 10 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. 18 வயது நிரம்பாதவராயின் தண்டனை 10 ஆண்டுக்குக் குறையாது. பாதிக்கப்பட்டவர் முதலில் இசைந்தார் என்பது குற்றவாளிக்குக் கேடயமாகாது.

துண்டும் சுமங்கலியும்

இது புதிய நோயன்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் ஆள் சேர்த்த காலத்தில், தொழிலாளியின் கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டது. புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தாலன்றி அவன் இடம் மாற இயலாது. அம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது.

நம் காலத்தில் சுமங்கலித் திட்டம் தோன்றிற்று. மேற்கு மாவட்ட நூற்பாலைகள் சில, தென் மாவட்டங்களின் ஏழைப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தன. முடிவில் திருமணச் செலவுக்கு ரூ.30,000 முதல் ரூ.50,000 வரை மொத்தமாகத் தருவதாக வாக்களித்தன. பயிற்சியாளர் என்ற பெயரில் குறைந்த கூலி. ஆலை விடுதியில் வாசம். வெளியே செல்லத் தடை. இடையில் விலகினால் மொத்தத் தொகையும் கிடையாது என்ற அச்சம். ஆலைகள் யாவும் அத்தகையன அல்ல. நேர்மையாகக் கூலி தரும் ஆலைகளும் உண்டு. எனினும், பெயர் மாறி வரும் அதே ஏற்பாட்டை இனங்காண வேண்டும்.

கடன் கட்டுப்படுத்துமா?

‘பணம் வாங்கிவிட்டோமே, பெண்ணை எப்படி அழைத்து வருவது?’ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். இந்த அச்சமே தரகரின் பூட்டு. முன்பணம் பெறுவது குற்றமன்று. ஆனால் அதைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்கோ ஊருக்கோ செல்லவிடாது தடுத்தால், அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய கடன் அழிந்துபோகிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டுவதில்லை. அதனை வசூலிப்பவருக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்துள்ளது.

ஐயத்துக்குரிய அடையாளங்கள்

ஆலையின் பெயரையும் விலாசத்தையும் தரகர் கூற மறுத்தல்; வயதைக் கூட்டிச் சொல்லச் செய்தல்; ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுதல்; போனில் பேசும்போது பிறர் அருகில் நிற்றல்; பண்டிகைக்கும் ஊருக்கு அனுப்பாமை; கூலியைக் கையில் தராமை. இவற்றுள் ஒன்று மட்டும் குற்றத்தை நிரூபிக்காது. பல சேர்ந்திருப்பின் வாளாவிருத்தல் தகாது.

அறிவிக்கும் முறை

தரகரோடு வாதிட வேண்டாம். அவர் எச்சரிக்கையடைந்து பெண்ணை வேறிடம் மாற்றிவிடக்கூடும். அவர் பெயர், போன் எண், வண்டி எண், சென்ற நாள், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. உடனடி ஆபத்துக்கு 112, சிறுவர் சிறுமியர்க்கு 1098, பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் நாடலாம்.

குற்றம் திருப்பூரில் நிகழ்ந்திருப்பினும் இராசபாளையம் போலீஸ் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். ‘எங்கள் எல்லையன்று’ என்று மறுத்தல் சட்டப்படி செல்லாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெறுக. கொத்தடிமைகளை மீட்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. விருதுநகரில் திங்கட்கிழமை மனு நாளில் நேரில் மனுக் கொடுக்கலாம். மீட்கப்பட்ட பெண்ணின் பெயரை ஊரில் பரப்பாதிருத்தல் நம் கடமை.

சங்கங்களின் பங்கு

தரகரின் முன்பணம் இனிப்பது வீட்டில் பணமில்லாத வேளையிலேதான். சிக்கனச் சேமிப்பு, நகைக் கடன், பயிர்க் கடன் ஆகியவை உரிய காலத்தில் கிடைப்பின் அந்த வேளை வாராது. எனவே நிர்வாகக் குழுவினர் கடன் மனுக்களைத் தாமதிக்காது கவனித்தல் வேண்டும். வெளியூர் வேலைக்குச் செல்லும் இளைஞர், பெண்கள் ஆகியோரின் ஆலை விலாசத்தையும் போன் எண்ணையும் பெற்றோர் சங்க அலுவலகத்தில் எழுதிவைக்கச் செய்தலும் நன்று. ஒரு குறிப்பேடு போதும், செலவு அதிகமில்லை. பெண்ணின் குரல் இரண்டு வாரம் கேட்காதபோது, எங்கே தேடுவது என்று அக்குடும்பம் திகைக்க நேராது.