பலகைக்குப் பின்னால் இருப்பவர்கள்

"ஸார், பத்து நாள் லீவு வேண்டும், சதுரங்கப் பந்தயத்துக்குப் போகிறேன்" என்று வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டால், உபாத்தியாயராகிய நாம் முன்பெல்லாம் புருவத்தை நெரிப்பது வழக்கம். 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ், தமது பதினெட்டாவது வயதில், ஸிங்கப்பூரில் சீனத்து டிங் லிரனை 7½–6½ என்ற கணக்கில் வென்று உலக சாம்பியன் ஆனார். அதன் பிறகு நம் புருவம் சற்று அடங்கியிருக்கிறது.

இது ஒரு நாள் விளைச்சலன்று. 1961-ல் இந்தியாவின் முதல் ஸர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன், 1972-ல் சென்னை ஸோவியத் கலாசார நிலையத்தில் டால் சதுரங்கச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அங்கே தோற்றவன் எழுந்து விட வேண்டும், வென்றவன் உட்கார்ந்திருப்பான். அப்படி உட்கார்ந்து பழகிய சிறுவர்தாம் விசுவநாதன் ஆனந்த். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

குகேஷ் கற்ற முறை நமக்கு மிகவும் பிடித்தது. அவருடைய ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா, நெடுங்காலம் அவரைக் கணினியின் துணையை நாட விடவில்லை. விடையை முதலில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற பிள்ளைகளை நாம் தினமும் காண்கிறோம்; ஆகையால் இதன் அருமை நமக்குத் தெரியும். தானே தவறி, தானே திருத்திக்கொண்ட பையன், எதிராளி அறியாத நிலையில் காயை வைத்தாலும் கலங்குவதில்லை.

தேர்வு முறையோ வேறு விஷயம். வயதுவாரியான தேசியப் பந்தயங்களில் முன்னணியில் வருகிறவர்கள் நாட்டின் பிரதிநிதிகளாகிறார்கள். அடுத்து நிற்பவர்கள் சொந்தச் செலவில் போகலாம். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று தகுதி நிலைகளும் 2500 புள்ளித் தரமும் வேண்டும். அந்தத் தகுதி, பல நாட்டு வல்லவர்கள் கூடும் பந்தயங்களில்தான் கிடைக்கும். எனவே விமானம், விடுதி, உடன் செல்ல ஒரு பெரியவர்! குகேஷின் தகப்பனார் மகனுடன் செல்வதற்காகத் தமது வைத்தியத் தொழிலையே நிறுத்தினார். தாயாரின் சம்பாத்தியம் குடும்பத்தைத் தாங்கிற்று. எத்தனை வீடுகளில் இது நடக்கக்கூடும்? பலகையில் எல்லோருக்கும் பதினாறு காய்கள்தாம். பலகைக்குப் பின்னால் அந்தச் சமத்துவம் இல்லை.

லீவு கேட்ட பையனின் தகப்பனார் தையற்காரர். பந்தயம் முடிந்து மகன் திரும்பிய மறுநாள் பள்ளிக்கு வந்தார். பையன் ஏழாவதாக வந்திருந்தான். "சொந்தச் செலவில் போகலாமாம், ஐயா" என்று காகிதத்தை நீட்டினார். நாம் அதிலிருந்த தொகையைப் பார்த்தோம். அவர் நம் முகத்தைப் பார்த்தார். பையன் வெளியே, தான் தவறவிட்ட அல்ஜிப்ராப் பாடத்தை நண்பனின் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தான்.