உலாவியும் சுங்கமும்

உலா என்பது தமிழிலுள்ள சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தலைவன் வீதியிற் பவனி வர, பேதை முதற் பேரிளம்பெண் ஈறாகிய எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு காதல் கொள்வதாகப் பாடுவது அதன் இலக்கணம். ஒட்டக்கூத்தரின் மூவருலாவை அறியாத தமிழ் மாணவர் இலர். அதே அடியிற் பிறந்த உலாவி என்னும் சொல் இக்காலத்து வழக்கில் வந்துளது. இணையப் பக்கங்களைத் தேடித் திறந்து நம் கண்முன் காட்டும் கருவியே உலாவி எனப்படும். இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. உலா நூலிற் பவனி வருபவன் அவ்வீதிகளுக்குரிய தலைவன். உலாவியிலோ, உலாவுவோர் நாம்; வீதி பிறர்க்குரியது. அவ்வீதியின் வாயில் எவர் கையில் உளது, அதனால் நமக்கு விளைவது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைபேசியில் வாயில்கள் மூன்று. முதலாவது, கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள். நம் நாட்டுக் கைபேசிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டினால் இயங்குவன. எஞ்சியவை பெரும்பாலும் ஆப்பிள் நிறுவனத்தின் ஐஃபோன்கள். இரண்டாவது, செயலிகளைப் பெறும் கடை. முன்னதற்குப் பிளே ஸ்டோர், பின்னதற்கு ஆப் ஸ்டோர். மூன்றாவது உலாவி, முன்னதிற் குரோமும் பின்னதிற் சபாரியும், கருவியை வாங்கும்பொழுதே உள்ளே அமைந்திருக்கும். ஈரோட்டு மஞ்சள் வணிகர் விலை பார்ப்பதும், திருப்பூர்ப் பனியன் தொழிலாளி ஊருக்குப் பணம் அனுப்புவதும், மாணவராகிய நாம் தேர்வு முடிவு காண்பதும் இவ்வாயில்களின் வழியேயாம்.

"வேறோர் உலாவியை நிறுவிக்கொள்ளலாமே, தடுப்பார் யார்?" எனிற் கூறுதும். ஆண்டுத் தடுப்பார் இலர். ஆயினும் மாற்றுவாரும் சிலரே. கைக்கெட்டும் இடத்தில் வைத்த பண்டமே முதலில் விலைபோகும் என்பதைப் பொள்ளாச்சிச் சந்தையிற் கடை விரிக்கும் மூதாட்டியும் அறிவாள். பெரிய நிறுவனங்களும் இதனை நன்கு அறியும். சபாரியில் தன் தேடுபொறியே முதலில் நிற்கும்பொருட்டுக் கூகுள் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்த செய்தி, அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளிப்பட்டது. பயனில்லாத இடத்திற்கு இத்துணைப் பொருள் கொடுப்பார் உளரோ?

நம் நாட்டில் இந்தியப் போட்டி ஆணையம் இதனை 2019-ஆம் ஆண்டு முதல் விசாரித்தது. கைபேசி செய்வோர் பிளே ஸ்டோரை வேண்டின், குரோம் முதலிய கூகுள் செயலிகள் அனைத்தையும் சேர்த்தே ஏற்றல் வேண்டும் என ஒப்பந்தம் இருந்தது. ஆண்ட்ராய்டைத் தம் விருப்பப்படி திருத்தியமைத்த கைபேசிகளை விற்கவும் அவர்க்குத் தடை இருந்தது. இவை முறையற்றன எனக் கண்ட ஆணையம், 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அவ்வாணையை நிறுத்திவைக்க மறுத்தது. அதன்பின், இந்தியாவிற் செயலிகளைத் தனித்தனியே பெறும் உரிமையைக் கைபேசி செய்வோர்க்கும், தேடுபொறியைத் தெரிந்துகொள்ளும் உரிமையைப் பயனாளர்க்கும் கூகுள் வழங்கியது. அவ்வாண்டு மார்ச்சு 29-ஆம் நாள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதிசெய்தது; எனினும், முன்னரே பதிந்துவரும் செயலிகளைப் பயனாளர் நீக்கிக்கொள்ள விடல் வேண்டும் என்பது உள்ளிட்ட கட்டளைகள் நான்கினை நீக்கிவிட்டது.

இனி, சுங்கத்தின் செய்தியைக் காண்போம். கோயம்புத்தூரிற் திருச்சிச் சாலையிற் செல்வோர் சுங்கம் என்னும் இடத்தைக் கடந்தே செல்வர். வழிச்செல்லும் பண்டத்திற்கு வாயிலில் வாங்கும் வரியே சுங்கம். முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் புகழப்பெற்றதிலிருந்து, அவ்வரி மக்களுக்கு எத்துணைச் சுமையாயிருந்தது என்பது விளங்கும். செயலிக் கடையிலும் இத்தகைய சுங்கம் உண்டு. செயலிக்குள் விற்கும் மின்பொருளுக்கும் சேவைக்கும் விலையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரை கூகுள் கேட்டது. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம் முதலிய நிறுவனங்கள் இதனை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தும் பயன்பெறவில்லை. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், கட்டணம் செலுத்தவில்லை என்று காரணங்காட்டி, பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பல செயலிகளைக் கூகுள் தன் கடையினின்று அகற்றியது. நடுவண் அரசு தலையிட்டபின், சில நாட்களில் அவை மீண்டும் இடம்பெற்றன. பல்லாண்டு உழைத்து எழுப்பிய வணிகம் ஒரே நாளில் வாயிலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது என்பதே இங்கு நாம் கருதற்பாலது.

தமிழகமும் வாளாவிருக்கவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் 'உலா' என்னும் பெயராலேயே ஓர் உலாவியை வெளியிட்டது. இந்திய உலாவி ஆக்கத்திற்கென நடுவண் அரசு நடத்திய போட்டியில் அது முதற்பரிசாகிய ஒரு கோடி ரூபாயை 2025-ஆம் ஆண்டிற் பெற்றது. தமிழ்ப் பெயர் தாங்கியது குறித்து நாம் மகிழ்தல் தகும். எனினும் ஓருண்மையை மறத்தலாகாது. உலாவிக்கு உயிராவது, பக்கத்தை எழுத்தும் படமுமாக ஆக்கிக்காட்டும் பொறி. உலாவின் உள்ளிருப்பது, கூகுள் தொடங்கி முன்னின்று நடத்தும் குரோமியமே. மைக்ரோசாப்டின் எட்ஜும் ஓப்பராவும் அவ்வாறே. சொந்தப் பொறி கொண்டு நிற்பவற்றுட் பெயர்பெற்றது ஃபயர்பாக்ஸ். ஐஃபோனிலோ ஆப்பிள் தன் வெப்கிட் பொறியையன்றி வேறு பொறியை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திற் புதுச்சட்டத்தின் காரணமாக 2024 மார்ச்சில் அவ்விதி தளர்ந்தது. ஆகவே பெயர் பலவாயினும் பொறி சிலவே. பொறியை ஆள்வோர், இணையப் பக்கம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் விதியையும் பெரும்பாலும் ஆள்வர்.

மறுபக்கத்தையும் கூறுதல் நடுநிலையாகும். ஆண்ட்ராய்டு விலையின்றி வழங்கப்பெற்றமையாலன்றோ எளியோர் கையிலும் கைபேசி வந்தது! குரோமியத்தின் மூலநிரல் எவர்க்கும் திறந்துளது. அதனாலேயே உலா போன்றவை எழுதல் இயன்றது. தீய செயலிகளைத் தடுக்கும் காவலும் அக்கடையில் உண்டு. ஆதலின் நாம் வெறுக்கற்பாலது வாயிலை அன்று. வாயிலைக் காப்போனே அவ்வீதியில் வணிகனுமாகி, சுங்கத்தைத் தானே அளந்து, வழக்கினையும் தானே தீர்க்கும் நிலையே திருத்தற்பாலது.

ஈசாக்கின் வேலைக்காரர் கேராரில் வெட்டிய கிணறுகள் இரண்டிற்கும் பிறர் வழக்காடினர். வழக்கில்லாத மூன்றாம் கிணற்றுக்கு, இடம் உண்டாயிற்று என்னும் பொருள்பட ரெகொபோத் என அவன் பெயரிட்டதாக ஆதியாகமம் கூறும். கிணற்று நீரின் அருமை கொங்குநாட்டார்க்குச் சொல்லவேண்டுவதன்று. நாம் வேண்டுவதும் பிறர் கிணற்றைத் தூர்ப்பதன்று. யாவர்க்கும் இடம் உண்டாதலே. அதற்கு நடுநிலை பிறழாத சட்டம் வேண்டும். நம் மொழியறிந்த இளைஞர், பெயரளவில் நில்லாது பொறியளவிலும் முயலல் வேண்டும். வாங்கிய கைபேசியில் அமைந்தது எதுவோ அதுவே போதும் என்றிராது, மாற்றும் உரிமை தமக்குண்டு என்பதைப் பயனாளர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். இம்மூன்றும் கூடுமாயின், உலாவியில் உலாவும் நாமும் ஒருநாள் நம் வீதியிலேயே உலாவுவோம் என்க.