கட்டத்துக்குள் விழுந்த குண்டுகள்

1944 ஜூன் 13, விடிவதற்குள் கிழக்கு லண்டனில் ஒரு ரயில் பாலத்தின் மேல் சிறிய விமானம் ஒன்று விழுந்து வெடித்தது. அதில் விமானி கிடையாது. ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டு லண்டனில் முதன்முதலாக விழுந்தது அன்றுதான். அதன்பின் பல வாரங்களுக்கு, படபடவென்று வரும் அந்தச் சத்தத்தையே நகரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. தலைக்கு மேல் வந்து சட்டென்று நின்றால்தான் ஆபத்து. இன்ஜின் அடங்கியதும் குண்டு கீழே இறங்கும்.

குண்டுகள் சில வட்டாரங்களிலேயே கொத்துக் கொத்தாக விழுகின்றன என்ற பேச்சு சீக்கிரமே பரவியது. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்: இங்கே நெருக்கமாக நாலைந்து, அங்கே ஒன்றுமே இல்லாத வெற்றிடம். புள்ளி இல்லாத பக்கமாகப் பார்த்துக் குடிபோகலாமே என்று ஒருவருக்குத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

புரூடென்ஷியல் நிறுவனத்தில் காப்பீட்டுக் கணிப்பாளராக இருந்த ஆர். டி. கிளார்க் அந்தப் பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு, கால் சதுர கிலோமீட்டர் வீதம் 576 கட்டங்களாகப் பிரித்தார். அந்தப் பரப்பில் விழுந்தவை 537 குண்டுகள். யாரும் குறிவைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு வீசியதுபோல் விழுந்திருந்தால் எத்தனை கட்டம் தப்பும், எத்தனை கட்டம் ஒன்று வாங்கும், எத்தனை இரண்டு வாங்கும்? பாய்சான் பரவல் என்ற பழைய சூத்திரம் இதைச் சொல்லிவிடும். தப்பிய கட்டங்கள் சுமார் 227 இருக்க வேண்டும் என்றது சூத்திரம்; இருந்தவை 229. ஒரே குண்டு விழுந்தவை 211 என்றது, 211தான் இருந்தன. இரண்டு விழுந்தவை 99க்குப் பதில் 93, மூன்று விழுந்தவை 31க்குப் பதில் 35, நான்கு விழுந்தவை எதிர்பார்த்தபடியே 7. 1946இல் ஒரே ஒரு பக்கத்தில் இதை அச்சிட்டார். எண்களைப் பற்றி இவ்வளவு சிக்கனமாக எழுதப்பட்ட கட்டுரைகள் குறைவு.

ஆக, கொத்துகள் கண் மயக்கமல்ல, உண்மையாகவே இருந்தன. அவற்றுக்குப் பின்னால் யாரோ இருப்பதாக நினைத்ததுதான் பிசகு. கட்டத்துக்கு ஒன்றாக, பந்தியில் இலைக்கு இலை பரிமாறியது போல் விழுந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தற்செயல் என்றால் சீராகப் பரவியிருக்கும் என்று நாம் கற்பனை செய்கிறோம். நாணயத்தை 20 முறை சுண்டியதாகப் பாவித்துப் பூ, தலை என்று எழுதச் சொன்னால், பெரும்பாலோர் மாற்றி மாற்றி எழுதுவார்கள். நான்கு தலையை அடுத்தடுத்து எழுதக் கை வராது. நிஜமாகச் சுண்டினால், 20க்குள் ஒரே முகம் நான்கு முறையாவது தொடர்ந்து விழ நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு.

தற்செயலுக்குப் பின்னால் காரணம் தேடும் இந்தக் குணம் மனிதனோடு நிற்பதாகவும் தெரியவில்லை. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் பசித்த புறாக்களைப் பெட்டியில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 விநாடிக்கு ஒருமுறை தீனி வரும்படி வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கு பிடித்துக்கொண்டன. ஒன்று இடஞ்சுழியாகச் சுற்றியது, ஒன்று பெட்டியின் மேல் மூலையில் தலையை இடித்தது, இரண்டு ஊசல்போல ஆடின. 1948இல் இதை வெளியிட்டபோது ‘மூடநம்பிக்கை’ என்றே தலைப்பில் எழுதினார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் ஏமாறுவது வேடிக்கை பார்ப்பவன். ஸ்கின்னரின் பெட்டியில் காக்கையே ஏமாந்துவிட்டது. (அந்த அசைவுகளில் பல, தீனிக்குக் காத்திருக்கும் புறாவின் இயல்பான அசைவுகள்தாம் என்று 1971இல் வேறு இருவர் மறுத்தார்கள். மறுப்பில் பொருள் இருக்கிறது.)

இருட்டில் கிடந்த பழுதையைப் பாம்பென்று எண்ணித் துள்ளியவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பாம்பைப் பழுதையென்று மிதித்தவன் யாருக்கும் பாட்டனாகவில்லை. துள்ளியவனின் பேரப்பிள்ளைகள் நாம்.

ஆபத்து கூடக்கூட இந்தத் துள்ளலும் கூடுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி இதைக் கண்ணால் பார்த்தார். மீன் நிச்சயமாகக் கிடைக்கும் உப்பங்கழியில் தீவுக்காரர்கள் எந்த மந்திரமும் இல்லாமல் மீன் பிடித்தார்கள். உயிருக்கும் உத்தரவாதமில்லை, மீனுக்கும் உத்தரவாதமில்லை என்ற ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் விரிவான மந்திரச் சடங்குகள். லண்டன்காரர்களின் வானமும் அந்த ஆழ்கடல்தான்.

கிளார்க்கின் அட்டவணையில் கடைசி வரி, ‘ஐந்தும் அதற்கு மேலும்’. அதற்கு நேரே 1 என்று இருக்கிறது. மற்ற கட்டங்களின் குண்டுகளைக் கூட்டி 537இலிருந்து கழித்தால் அந்த ஒரே கட்டத்தில் விழுந்தவை ஏழு என்று தெரிகிறது. நடந்தே கடந்துவிடக்கூடிய கால் சதுர கிலோமீட்டருக்குள் ஏழு. அங்கே குடியிருந்தவர்களிடம் போய் இது தற்செயல்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. அது எந்தத் தெருக்கள் அடங்கிய கட்டம் என்று கிளார்க் எழுதவில்லை.