தட்டம்மை வைரஸ் தப்புகிறது. தடுப்பூசி வைரஸ் மாட்டுகிறது. ஏன்?

தட்டம்மை தொற்றி, உடம்பில் தடிப்பு தெரியவே சுமார் 14 நாள் ஆகிறது. அதற்குள் வைரஸ் உள்ளே பெருகிவிடும். செல்லுக்குள் காவல் இல்லாமலில்லை. ரிக்-ஐ என்ற புரதம், அந்நிய ஆர்.என்.ஏ. கண்ணில் பட்டதும் இன்டர்ஃபெரானைச் சுரக்கச் செய்து அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்படுத்தும். தட்டம்மை வைரஸின் வி புரதம் அந்தச் சேதியை அமுக்குகிறது. சி புரதமோ நகலெடுப்பில் பிசகு வராமல் பார்த்துக்கொள்கிறது. கெட்டிக்கார ஏற்பாடுதான்.

1954இல் பாஸ்டனில் ஆய்வாளர்கள் எண்டர்ஸும் பீபிள்ஸும் எட்மன்ஸ்டன் என்ற மாணவனிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ்தான் பெரும்பாலான தட்டம்மைத் தடுப்பூசிகளின் மூதாதை. மனிதச் செல்களிலும் கோழிக் கருச் செல்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்ததில் அது வீரியம் இழந்தது. இப்படி வளரும் வைரஸ் கூட்டத்தில் அரைகுறை நகல்களும் சேர்ந்துவிடும்: பாதியில் திரும்பி, தன்மேலேயே மடிந்து ஒட்டிக்கொண்ட ஆர்.என்.ஏ. துண்டுகள். தனியாகப் பெருக அவற்றால் முடியாது. ஆனால் ரிக்-ஐ சட்டென்று பிடித்துக்கொள்வது இத்தகைய இரட்டை இழையைத்தான். ஆய்வகச் செல்களில் தடுப்பூசி வகைகள் இன்டர்ஃபெரானைத் தாராளமாகத் தூண்ட, ஊரில் சுற்றும் வகைகள் அநேகமாகத் தூண்டாததற்கு இந்தக் கழிவுத் துண்டுகள் ஒரு முக்கியக் காரணம்.

ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்கு லேசாகக் காய்ச்சல் வரலாம். அதற்குப் பயந்து, 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய 2ஆவது ஊசியைத் தவறவிடாதீர்கள்.