தலைமையின் இலக்கணம்: பங்கான் மருத்துவமனை கற்பித்த பாடம்

அலுவலகத்திலும் பள்ளியிலும் ஆய்வுக்கூடத்திலும் சுகாதார நிலையத்திலும் பலர் கூடிப் பணியாற்றுகின்றனர். அவர்களுள் ஒருவர் தலைவராக அமர்கின்றார். பதவியை ஓர் ஆணையால் வழங்கிவிடலாம். தலைமைத் திறனை அவ்வாறு வழங்க இயலாது. அதே ஊழியர், அதே கருவிகள், அதே பொருள்வசதி ஆகியவற்றைக் கொண்டே ஒருவரின் கீழ்ப் பணி செழிப்பதையும், அடுத்து வந்தவரின் கீழ் அது தேங்குவதையும் நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

சொல்வன்மை என்பர் சிலர். கண்டிப்பு என்பர் சிலர். பரந்த கல்வி என்பாரும் உளர். இவை யாவும் பயன் தருவனவே. எனினும் இவற்றினும் அடிப்படையான பண்பு ஒன்று உண்டு. செய்ய வேண்டிய வேலையை, அதனைச் செய்யப்போகும் கைகளுக்கு ஏற்ற வடிவில் அமைத்துத் தருவதும், அதன் விளைவுக்குத் தாமே பொறுப்பேற்பதும் அப்பண்பாகும். 1971ஆம் ஆண்டில், கொல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் இதனை உயிர்களே பணயமாக இருந்த ஓர் இடத்தில் செய்து காட்டினார். அவர் பெயர் திலீப் மகலானபிஸ்.

இரண்டு அறைகளும் இரண்டு ஊழியரும்

1971ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், அன்று கிழக்குப் பாகிஸ்தான் என வழங்கிய இன்றைய வங்காளதேசத்தில் போர் மூண்டது. உயிர் தப்பி எல்லை கடந்து இந்தியாவினுள் வந்தோரின் தொகை அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியது. மழைக்காலம் தொடங்கிற்று. நெருக்கடி மிகுந்த முகாம்களில் நல்ல குடிநீர் இல்லை. கழிவுநீர் செல்ல வழியில்லை. காலரா என்னும் வாந்திபேதி முகாம்களில் பரவியது.

கொல்கத்தாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பங்கான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில் அந்நாளில் கொல்கத்தாவில் இயங்கிவந்த மருத்துவ ஆராய்ச்சி, பயிற்சி நிலையத்தில் பணியாற்றிய மகலானபிஸ், ஜூன் மாத இறுதியில் சிறியதொரு குழுவுடன் பங்கான் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு இரண்டு அறைகள் நிறைய நோயாளிகள் தரையிலேயே கிடந்தனர். அவர்களின் இரத்தக் குழாயில் ஊசி செலுத்தி உப்புநீர் ஏற்ற வேண்டுமாயின், அவர்களுடைய வாந்தியிலும் மலத்திலும் முழந்தாளிட்டே அதனைச் செய்ய வேண்டியிருந்தது. மகலானபிஸ் தாமும் அவ்வாறே முழந்தாளிட்டுப் பணி செய்தார்.

நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் அவருக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. ஊசி வழியே ஏற்றும் உப்புநீர் போதிய அளவில் இல்லை. அதனை ஏற்றும் பயிற்சி பெற்றவர் குழுவில் இருவரே இருந்தனர். நோயாளிகளோ நூற்றுக்கணக்கில் வந்துகொண்டிருந்தனர். இம்முறையையே பற்றி நிற்பின் தோல்வி உறுதி என்பதை அவர் உணர்ந்தார்.

இங்குத் தலைமையின் முதற்படியைக் காண்கின்றோம். தடை எங்கே உள்ளது என்பதை அவர் அறிக்கைகளைப் படித்து அறியவில்லை. தாமே அவ்வேலையைச் செய்து பார்த்ததால், குறைவு மருந்தில் மட்டுமன்று, பயிற்சி பெற்ற கைகளிலும் இருக்கின்றது என்பதை இரண்டே நாட்களில் கண்டுகொண்டார்.

விஞ்ஞானம் காட்டிய வழி

காலராக் கிருமி குடலில் ஒரு நச்சுப்பொருளைச் சுரக்கின்றது. 1959ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் ஆராய்ச்சி செய்த சம்புநாத் டே இதனைப் பரிசோதனையால் நிறுவினார். அந்நச்சு, உடலின் நீரையும் உப்புக்களையும் குடலினுள் பெருகச் செய்கின்றது. கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறக்கூடும். நோயாளி பெரும்பாலும் இறப்பது நீரும் உப்பும் இழந்தமையாலேயே ஆகும். இழந்ததை ஈடு செய்துவிட்டால் உடல் சில நாட்களில் தானாகவே நோயிலிருந்து மீளும்.

வெறும் உப்புநீரைக் குடிக்கக் கொடுத்தால் நோயுற்ற குடல் அதனைப் போதிய அளவு ஏற்பதில்லை. ஆனால் உப்புடன் குளுக்கோஸ் சேருமாயின் நிலைமை மாறுகின்றது. குடற்சுவரின் உயிரணுக்களில் சோடியத்தையும் குளுக்கோசையும் ஒருங்கே உள்ளே கொண்டு செல்லும் அமைப்பு ஒன்று உண்டு. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும். காலரா நோயிலும் இவ்வமைப்பு கெடாது இயங்குகின்றது. 1960களின் பிற்பகுதியில் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகள் வாய்வழிக் கரைசலின் பயனை மருத்துவமனைகளில் மெய்ப்பித்தன. ஆயினும் அவை பயிற்சி பெற்றோரின் நேரடிக் கண்காணிப்பில், குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் நடந்தவை. முகாமின் குழப்பத்திடையே, எழுத்தறியாத உறவினரின் கையால் இக்கரைசலைக் கொடுக்க இயலும் என்பதை அதுவரை எவரும் பெரிய அளவில் நிறுவியிருக்கவில்லை.

எதைப் பகிர்வது, எதைத் தம்மிடம் வைத்துக்கொள்வது

மகலானபிஸ் வேலையை இரு கூறாகப் பிரித்தார். பிழை நேரக்கூடாத பகுதி ஒன்று. எவரும் செய்யத்தக்க பகுதி மற்றொன்று.

பிழை நேரக்கூடாதது அளவு. உப்பு மிகுந்தால் தீங்கு, குறைந்தால் பயனில்லை. எனவே நிறுத்து அளக்கும் வேலையை அவர் முகாமில் விடவில்லை. கொல்கத்தா நிலையத்தின் நூலக அறையில் அப்பொருள்கள் நிறுக்கப்பட்டுப் பொட்டலங்களாகக் கட்டப்பட்டன. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்பது அக்கலவை. பொட்டாசியமும் சேர்வது சிறப்பு என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும் எளிதிற் கிடைக்கும் மூன்று பொருள்களோடு நிறுத்திக்கொண்டார். லிட்டர் ஒன்றுக்கு ஆன பொருட்செலவு சுமார் 11 காசு. களத்தில் செய்ய வேண்டியது பொட்டலத்தைப் பிரித்து, குறித்த அளவு நீரில் கரைத்தல் மட்டுமே.

எவரும் செய்யத்தக்கது, குவளையில் மொண்டு குடிக்கக் கொடுத்தல். இதனைத் தாய்மாரிடமும் கணவரிடமும் உடன்பிறந்தாரிடமும் அவர் ஒப்படைத்தார். நோயாளியின் அருகிலேயே இரவும் பகலும் அமர்ந்திருக்கும் அவர்களைவிடப் பொருத்தமான பணியாளர் வேறு எவர்? அதுகாறும் கண்ணீருடன் கைகட்டி இருந்தோர், அன்று முதல் சிகிச்சையில் பங்குகொண்டனர்.

நினைவு இழக்கும் அளவுக்கு நீர் வற்றியோர்க்கு முதலில் ஊசி வழியே உப்புநீர் ஏற்றப்பட்டது. கையிருப்பில் இருந்த சிறிதளவு உப்புநீரும், பயிற்சி பெற்ற இருவரின் உழைப்பும் அத்தகையோர்க்கென ஒதுக்கப்பட்டன. அரிய திறனை அரிய தேவைக்கு ஒதுக்குவதும், எளிய வேலையை எளியோரிடம் நம்பி விடுவதும் ஒரே முடிவின் இரு பக்கங்களாயின.

ஊழியரின் ஐயம்

புதிய முறையை எல்லோரும் உடனே ஏற்றுவிடவில்லை. ஊசியே உயர்ந்த சிகிச்சை, குடிக்கும் நீர் இரண்டாந்தரம் என்னும் எண்ணம் ஊழியரிடமும் நோயாளிகளிடமும் வேரூன்றியிருந்தது. மகலானபிஸ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, பொறுமையுடன் விளக்கினார். கரைசலை 'வாய்வழி சலைன்' என்னும் பெயரால் வழங்கினார். சலைன் என்னும் சொல்லின்மீது மக்களுக்கு முன்னரே நம்பிக்கை இருந்தது. அந்நம்பிக்கை புதிய முறைக்கும் துணையாயிற்று. பெயரிலும் பொய் இல்லை. ஏனெனில் அதுவும் உப்புநீரே. இரண்டு மூன்று வாரங்களில், முறையான பயிற்சி இல்லாதோர் கையிலும் இம்முறை பயன் தருகின்றது என்பது அனைவர்க்கும் விளங்கிவிட்டது.

வற்புறுத்திப் பெற்ற இணக்கம் மேலதிகாரி அகன்றவுடன் அகன்றுவிடும். கண்ணாற் கண்டு பெற்ற இணக்கம் நிலைத்து நிற்கும். ஐயுறும் ஊழியரைப் பகைவராகக் கொள்ளாது, அவருடைய ஐயத்துக்கு விடை கூறவேண்டிய கடமை தம்முடையது எனக் கொள்பவரே தலைவர்.

பகிராத பொறுப்பு

பணியைப் பலரிடமும் பகிர்ந்த மகலானபிஸ் பொறுப்பை எவரிடமும் பகிரவில்லை. பரவலாகச் சோதிக்கப்படாத முறை அது. தவறியிருந்தால் பழி, குவளை ஏந்திய தாயின்மேலும் பொட்டலம் கட்டிய ஊழியர்மேலும் விழுந்திராது. அவர் ஒருவர்மேலேயே விழுந்திருக்கும்.

எனவே அவர் கணக்கு வைத்தார். சுமார் எட்டு வாரங்களில் 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் சிகிச்சை பெற்றனர். அவர்களுள் இறந்தோர் 3.6 விழுக்காட்டினர். இதற்கு முன்னர் முகாம்களில் நோயுற்றோருள் 30 விழுக்காடு வரை இறந்துகொண்டிருந்தனர். ஒப்பீட்டுக் குழு ஒன்றை வைத்து நடத்திய ஆய்வு அன்று அது. அத்தகைய சூழலில் அவ்வாறு நடத்தவும் இயலாது. எனினும் இத்துணைப் பெரிய வேறுபாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1973ஆம் ஆண்டில் இம்முடிவுகள் ஆய்விதழில் வெளியாயின. மருத்துவ உலகில் பலர் ஐயுற்றனர். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தில் பாக்டீரிய நோய்ப் பிரிவின் தலைவராக இருந்த தீமான் பருவா, பங்கானுக்கு நேரில் வந்து கண்டவர். அவர் இம்முறைக்காக உறுதியுடன் வாதாடினார்.

எல்லைப்புறமெங்கும் கரைசல் தயாரிக்கும் முறையை விளக்கும் துண்டு வெளியீடுகள் வழங்கப்பட்டன. வங்காளதேச விடுதலை இயக்கத்தாரின் மறைமுக வானொலியும் அதனை ஒலிபரப்பியது. மகலானபிஸ் கால் வைக்காத இடங்களிலும் அவருடைய முறை பணி செய்தது. தலைவர் இல்லாத இடத்திலும் வேலை செவ்வனே நடைபெறுமாயின், அத்தலைமை வெற்றி பெற்றது எனலாம்.

இன்று உப்பு-சர்க்கரைக் கரைசல் உலகெங்கும் வழங்குகின்றது. அதனால் காக்கப்பட்ட உயிர்கள் 5 கோடிக்கும் மேற்பட்டவை என மதிப்பிடப்படுகின்றது. பலருடைய பல்லாண்டு உழைப்பின் பயன் இது. அவ்வுழைப்பில் பங்கானுக்குச் சிறப்பானதோர் இடமுண்டு. மகலானபிஸ் 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கொல்கத்தாவில் காலமானார். 2023இல் அவருக்கு மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

களப்பணியாளர் இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மேலே குறித்த அளவுகள் 1971ஆம் ஆண்டிற்குரியவை. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பொட்டலத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் ஆகியவை அடங்கியுள்ளன. பொட்டலத்தின்மேல் அச்சிட்ட அளவு நீரிலேயே அதனைக் கரைத்தல் வேண்டும்.

நமக்குரிய படிப்பினை

நம்முடைய பணியிடங்கள் பங்கானைப் போன்றவை அல்ல. எனினும் அதே வினாக்களை நாமும் கேட்டுக்கொள்ளலாம். என் ஊழியர் செய்யும் வேலையை நான் என் கையால் ஒரு நாளேனும் செய்து பார்த்திருக்கின்றேனா? அதில் பிழை நேரக்கூடாத பகுதி எது? அப்பகுதியைப் பிழை நேர இயலாத வகையில் அமைத்திருக்கின்றேனா? எவரும் செய்யத்தக்க பகுதியை நான் வீணே என் கையில் பிடித்துக்கொண்டிருக்கின்றேனா?

எடுத்துக்காட்டாக, மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் பணியைக் கொள்வோம். பெரும்பாலான வயற்பயிர்களுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்தல் வேண்டும். ஆழம் தவறினால் ஆய்வுக்கூடத்தின் உழைப்பு முழுவதும் வீண். "சரியான ஆழத்தில் எடுங்கள்" எனச் சுற்றறிக்கை விடுப்பது ஒரு முறை. 15 சென்டிமீட்டரில் கோடு கீறிய ஒரு குச்சியை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் புதிதாக வந்த ஊழியரும், உடன் வரும் உழவரும்கூடப் பிழையின்றி மாதிரி எடுத்துவிடுவர்.

பள்ளியிலும் இவ்வாறே. மழைமானியின் அளவைத் தாமே நாள்தோறும் குறிக்கும் ஆசிரியர், தாம் விடுப்பில் செல்லும் நாளில் பதிவேட்டில் வெற்றிடம் காண்பார். அளவுக் குடுவையில் நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்கும் முறையை மாணவர்க்குக் கற்பித்து, காலை நேரத்தைத் திட்டமாக வரையறுத்து, பொறுப்பை முறை வைத்து வழங்கும் ஆசிரியருடைய பதிவேட்டில் வெற்றிடம் இராது. என்றேனும் ஓர் அளவு தவறாகப் பதிவாகுமாயின், அதைப் பற்றித் தலைமையாசிரியர்க்கு விடை கூற வேண்டியவர் ஆசிரியரே, மாணவர் அல்லர்.

வேலையைக் கற்றறிதல், அதனைப் பிறர் செய்யத்தக்க வடிவில் அமைத்தல், நம்பி ஒப்படைத்தல், உண்மையான கணக்கு வைத்தல், விளைவுக்குத் தாமே பொறுப்பேற்றல் ஆகிய ஐந்தும் தலைமையின் இலக்கணமாகும். இவற்றுள் எதற்கும் உயர்ந்த பதவி தேவையில்லை. ஒரு குழுவில் இருவர் இருப்பினும் இவற்றை இன்றே தொடங்கலாம்.