வேலூர் வெயிலில் ஓவர்கிளாக்கிங்: எந்த கேபினட் வாங்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ப்ராசசர், மதர்போர்ட், ரேம், கிராபிக்ஸ் கார்ட் என்று ஒவ்வொன்றையும் நாலு பேரிடம் விசாரித்து வாங்குகிறார்கள். கேபினட் என்று வரும்போது மட்டும், கையில் மிச்சம் இருக்கும் பணத்திற்கு வண்ண விளக்குகளுடன் அழகாக இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். லெட்டர் டைப் செய்யவும் படம் பார்க்கவும் அது போதும். ஆனால் ஓவர்கிளாக் செய்யப் போகிறீர்கள், அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் குடியிருக்கிறீர்கள் என்றால் கேபினட்டைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

ப்ராசசரை அதன் தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட வைப்பதே ஓவர்கிளாக்கிங். 1998-ல் வந்த இன்டெல் செலிரான் 300ஏ ப்ராசசரைப் பலர் 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டினார்கள். பாதி வேகம் இலவசமாகக் கிடைத்த மாதிரி! இப்போது அவ்வளவு லாபம் கிடையாது. இன்டெல்லில் பெயரின் இறுதியில் 'கே' எழுத்து உள்ள மாடல்களையும், ஏ.எம்.டி.யில் பெரும்பாலான ரைஸன் மாடல்களையும் அதற்குரிய மதர்போர்டில் ஓவர்கிளாக் செய்யலாம். இதனால் பழுது ஏற்பட்டால் சாதாரண வாரண்டி பொருந்தாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வேகத்தைக் கூட்டினால் வெப்பம் எவ்வளவு கூடும்? ப்ராசசர் எடுக்கும் மின்சாரம் வேகத்திற்கு ஏற்பவும், வோல்டேஜின் வர்க்கத்திற்கு ஏற்பவும் உயரும். வேகத்தை 10 சதவீதமும், அது நிலையாக ஓடுவதற்காக வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.1 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1, அதாவது சுமார் 1.33. வேகம் பத்து சதவீதம்தான் ஏறியது. வெப்பமோ மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. இந்த வெப்பத்தை ஹீட் சிங்க் வாங்கி கேபினட்டுக்குள்தான் விடுகிறது. அங்கிருந்து அதை வெளியே அனுப்புவது கேபினட்டின் வேலை.

எந்த ஃபேனும் அறையில் உள்ள காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தராது. இன்டெல் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் கேபினட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி தந்தது. அறை வெப்பம் 35 டிகிரியாக இருக்கும்போது ப்ராசசர் ஃபேனுக்குள் நுழையும் காற்று 38 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் இலக்கு. வேலூரில் கத்திரி வெயில் காலத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுகிறது. மாடி அறையில் கான்கிரீட் தளத்திற்கு நேர் கீழே கம்ப்யூட்டர் இருந்தால் அந்த 35 டிகிரி கணக்கே அங்கு செல்லாது. ஜனவரியில் ஒழுங்காக ஓடிய ஓவர்கிளாக், மே மாதத்தில் திடீரென்று ரீஸ்டார்ட் ஆவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஃபேன் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பதை சி.எஃப்.எம். என்ற அளவில், அதாவது நிமிடத்திற்கு எத்தனை கன அடி என்று குறிப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் எடுக்கும் வாட்ஸை 1.76-ஆல் பெருக்கி, சி.எஃப்.எம். எண்ணால் வகுத்தால், உள்ளே காற்று எத்தனை டிகிரி சூடாகும் என்பது வரும். 400 வாட்ஸ் எடுக்கும் கம்ப்யூட்டரில் 70 சி.எஃப்.எம். காற்று உண்மையிலேயே போய்வந்தால் 10 டிகிரி கூடும். 35 சி.எஃப்.எம்.தான் போகிறது என்றால் 20 டிகிரி. ஃபேன் அட்டையில் போட்டிருக்கும் எண் திறந்த வெளியில் அளந்தது. ஃபில்டர், கம்பி வலை, கேபிள் எல்லாம் குறுக்கே வந்தால் அது நன்றாகவே குறையும்.

எனவே கடையில் கேபினட்டின் முன்பக்கத்தைத்தான் முதலில் பாருங்கள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக இருந்து, ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி மட்டும் விட்டிருந்தால், உள்ளே மூன்று ஃபேன் இருந்தும் பயனில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது போலத்தான். முன்பக்கம் வலையாக (மெஷ்) இருப்பதே நல்லது. மொபைலின் டார்ச்சை வலைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும். முன்னால் 120 அல்லது 140 மி.மீ. ஃபேன் இரண்டு காற்றை உள்ளே இழுக்கவும், பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் இருந்தால் நல்ல தொடக்கம். ஃபேனில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். இதைக் கவனிக்காமல் திருப்பி மாட்டிய கம்ப்யூட்டர்கள் ஏராளம். பெரிய டவர் கூலர் வாங்குவதாக இருந்தால், 160 மி.மீ. உயரமாவது உள்ளே இடம் உண்டா என்று கேளுங்கள்.

அடுத்தது தூசி. உள்ளே வரும் காற்று வெளியேறும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது காற்று ஃபில்டர் வழியாக மட்டும் நுழையும். வெளியேற்றும் ஃபேன்கள் அதிகமானால் எல்லா இடுக்குகளிலிருந்தும் தூசியை இழுக்கும். ஃபில்டரை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கழற்ற முடிய வேண்டும். முடியாவிட்டால் நீங்கள் அதைக் கழுவவே மாட்டீர்கள்! தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் வேலை நடக்கும் இடங்களுக்கு அருகில் மாவு போன்ற மெல்லிய தூசி பறக்கும். அங்கே வாரம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டுங்கள்.

தோல் பதனிடும் ஊர்களுக்கே உரிய இன்னொரு பிரச்சினையும் உண்டு. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அதிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரக்கூடும். வெள்ளிக் கொலுசு கறுத்துப் போவதற்குக் காரணமான அதே வகை வாயுதான் இது. மதர்போர்டில் உள்ள செம்பையும் வெள்ளியையும் இது மெல்ல அரிக்கும். ஈரப்பதம் இருந்தால் வேகமாக அரிக்கும். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் காற்றிலுள்ள கந்தகத்தால் அரிக்கப்பட்ட மதர்போர்டுகள் திரும்பி வந்ததை இன்டெல்லே கவனித்தது. 2013-ல் இது செய்தியானது. தூசி ஃபில்டர் வாயுவைத் தடுக்காது. காற்றோட்டம் கூடக்கூட இந்த வாயுவும் கூடுதலாகவே உள்ளே போகும்.

ஆகவே நாற்றம் தெரியும் இடத்தில் வீடு இருந்தால், பெரிய ஃபேன்களை மெதுவான வேகத்தில் ஓட விடுங்கள். கம்ப்யூட்டரைத் தொழிற்சாலைப் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி, உள் அறையில் வையுங்கள். அங்கு ஓவர்கிளாக்கிங் வேண்டாம் என்பதே என் கருத்து. இன்றைய ப்ராசசர்கள் வெப்பம் அனுமதிக்கும் வரை தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. நல்ல கேபினட்டால் மட்டுமே அதில் பாதிப் பலன் வந்துவிடும்.

ஏற்கனவே கேபினட் வாங்கிவிட்டவர்கள் ஒரு சோதனை செய்யலாம். எச்.டபிள்யூ. மானிட்டர் போன்ற இலவச சாஃப்ட்வேரை இயக்கி, அரை மணி நேரம் கேம் ஆடி வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை மீண்டும் ஆடுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் உங்கள் கேபினட் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். அதற்காகக் கதவைத் திறந்தே வைத்துவிடாதீர்கள். தூசி மட்டுமல்ல, பல்லியும் உள்ளே குடியேறும்.